இருபத்தைந்து கெஜம்

"சைட் பார்க்கப் போறேன்" என்று ஈப்போவில் இருக்கும் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். அடுத்த நிமிடமே பதில் வந்தது. "யாருடா அவ? வெள்ளைக்காரியா?"

நான் ஒரு படத்தை அனுப்பினேன். கறுப்பு அலுமினியத்தில் ஒரு வளையம். அதற்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து ஊசிகள். ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பொட்டு வெளிச்சம்.

"என்னடா இது?"

"வில்லுல மாட்டுற சைட். மான் வேட்டைக்கு."

கொஞ்ச நேரம் அவன் எதுவும் எழுதவில்லை. பிறகு, "நீ படிக்கத்தானே போனே?" என்றான்.

படிக்கத்தான் போனேன். 2018இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரத்துக்கு மேற்கே ஒரு பழைய பண்ணை வீட்டின் மாடி அறையில் குடியிருந்தேன். நகரத்துக்குள் வாடகை கட்டாது. சன்னலைத் திறந்தால் சோளக்கொல்லை, அதற்கு அப்பால் ஓக் மரங்கள். வீட்டுக்காரருக்கு அப்போது 68 வயது. மாடுகளை விற்றுவிட்டு, நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் குத்தகைக்கு விட்டிருந்தார். தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொன்னார். என் வாயில் அது வரவில்லை. கடைசிவரை 'சார்' என்றே சொல்லிச் சமாளித்தேன். அவர் என்னைக் 'கிட்' என்பார். என் காதில் அது 'தம்பி' என்றே விழும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, "தம்பி, உன் கண்ணு ரெண்டும் எனக்கு வேணும். வண்டியில ஏறு" என்றார். அப்படித்தான் நான் வில் கடைக்குப் போனேன்.

வழியில் காரணத்தைச் சொன்னார். முந்தைய ஆண்டு அக்டோபரில் ஒரு மாலை. விஸ்கான்சினில் வில்வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கிக் குளிர்காலம்வரை நீளும். துப்பாக்கிக்கு நவம்பர் கடைசியில் ஒன்பது நாள்தான். துப்பாக்கிச் சத்தம் இல்லாத அந்த இரண்டு மாதமும்தான் தனக்கு வேட்டை என்பார். அன்று இருட்டப் போகும் நேரம். மரத்தில் கட்டிய மேடையில் அவர். கீழே ஒரு பெட்டை மான், சுமார் இருபது கெஜத்தில். வில்லை இழுத்தார். அவருடைய பழைய சைட்டில் ஐந்து ஊசிகள். மேல் ஊசி 20 கெஜத்துக்கு, அடுத்தது 30க்கு, அதற்கடுத்தது 40க்கு, அப்படியே 60 வரை. மங்கிய வெளிச்சத்தில் ஐந்து பொட்டும் ஒன்றோடொன்று கலங்கித் தெரிந்தன. எந்த ஊசியை மானின் மேல் வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. நாண் விட்ட பிறகுதான் அது மூன்றாவது ஊசி என்று உறைத்தது.

பெட்டை மான் இருபதில். ஊசி நாற்பதுக்கானது. அவருடைய வில்லின் வேகத்துக்கு அம்பு ஏறக்குறைய ஒரு சாண் மேலே போகும். மானின் நுரையீரலும் இதயமும் இருக்கிற இடம் எட்டு அங்குல வட்டம், அவ்வளவுதான். அதன் நடுவைக் குறிபார்த்து ஒரு சாண் மேலே போனால், முதுகெலும்புக்கு அருகில் சதையைக் கிழித்துக்கொண்டு போகும்.

"அப்புறம்?" என்றேன்.

"தேடினேன்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அம்பு பட்ட மானை உடனே துரத்தக் கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. துரத்தினால் உயிர் உள்ளவரை ஓடும். விட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை இரத்தம் சொல்லும். இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் போதும். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரல். நான்கு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். அம்பில் பச்சையாக ஏதாவது ஒட்டியிருந்து நாறினால் குடல்; இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டும். சதையில் மட்டும் பட்டிருந்தால் முதலில் நிறைய இரத்தம் இருக்கும், போகப் போகக் குறைந்து ஒரு இடத்தில் நின்றுவிடும். அவருடைய மானின் இரத்தம் இருநூறு கெஜத்தில், ஒரு முள்வேலிக்கு முன்னால் நின்றிருந்தது. இதையெல்லாம் அவர் மனைவி சொல்லித்தான் அறிந்தேன். அன்றிரவு இரண்டு மணிவரையும், அடுத்த இரண்டு பகலும் அவர் கையில் விளக்கும் கழிப்பறைக் காகிதச் சுருளுமாக அலைந்தாராம். ஒவ்வொரு சொட்டுக்கும் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டே போனால், திரும்பிப் பார்க்கும்போது மான் போன திசை கோடாகத் தெரியும். "காலைல பாத்தா வேலிவரைக்கும் வெள்ளை வெள்ளையா இருந்துச்சு" என்றார் அந்த அம்மா.

வில் கடை ஒரு பெரிய கொட்டகை. சுவர் முழுக்க காம்பவுண்ட் வில்கள். மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1960களில் உருவாக்கி, 1969இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. இரு முனைகளிலும் உருளும் சக்கரங்கள் இருப்பதால், முழுக்க இழுத்த பிறகு கையில் தங்கும் பாரம் சட்டென்று குறைந்துவிடும். நடுங்காமல் நின்று குறிபார்க்க நேரம் கிடைக்கும். அந்த நேரம் கிடைத்ததால்தான் சைட் என்பது பெரிய வியாபாரமாக வளர்ந்தது என்று நினைக்கிறேன்.

மேசைமேல் மூன்று வகையை எடுத்து வைத்தார் கடைக்காரர். ஒன்று, ஐந்து ஊசி. இரண்டாவது, ஒற்றை ஊசி. பக்கத்தில் இருக்கும் திருகைச் சுற்றினால் ஊசி மேலும் கீழும் நகரும், எந்தத் தொலைவு வேண்டுமோ அதற்கு வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, மின்கருவி. பொத்தானை அழுத்தினால் லேசர் தொலைவை அளந்து, அதற்கேற்ற இடத்தில் கண்ணாடியில் ஒரு புள்ளியைக் காட்டும். விலை எண்ணூறு டாலருக்குப் பக்கம். வில்லில் மின்கருவி பொருத்துவதை அங்கே சில மாநிலங்கள் தடையே செய்திருக்கின்றன.

ஐந்து ஊசியில் வசதி என்னவென்றால் எதையும் திருக வேண்டாம். மான் நகர்ந்தால் அடுத்த ஊசிக்கு மாறலாம். கண் நல்ல கண்ணாகவும் மனம் நிதானமாகவும் இருக்க வேண்டும், அவ்வளவே. ஒற்றை ஊசியில் குழப்பமில்லை. ஆனால் மான் நகர்ந்தால் திருக வேண்டும், திருகக் கை அசைய வேண்டும், அசைந்தால் மான் பார்த்துவிடும்.

பெரியவர் ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்திலும், பிறகு கொட்டகையின் இருட்டு மூலையிலும் வைத்துப் பார்த்தார். என் வேலை, வளையத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துச் சொல்வது. ஊசியின் பருமன் .010, .019, .029 என்று போட்டிருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, பத்தொன்பது, இருபத்தொன்பது. மெல்லிய ஊசி குறியை மறைக்காது, ஆனால் மாலையில் தெரியாது. தடித்த ஊசி மாலையில் தெரியும், தூரத்து இலக்கை மூடிவிடும். நுனியில் இருப்பது விளக்கல்ல, ஒளியிழை. வளையத்தைச் சுற்றிச் சுருட்டியிருக்கும் இழை, சுற்றுப்புற வெளிச்சத்தை வாங்கி நுனியில் பொட்டாகக் கொட்டுகிறது. இழை நீளமாக இருந்தால் பொட்டு பிரகாசமாகும். ரொம்பப் பிரகாசமானாலும் ஆபத்து. வயதான கண்ணில் அது நட்சத்திரம்போல் சிதறும்.

"கண்ணாடி போட்டா ஊசி தெரியுது, மான் தெரியல. கழட்டினா மான் தெரியுது, ஊசி தெரியல" என்றார்.

இதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று ஒரு சொல் இருக்கிறது என்றேன். அவருக்குப் பிடித்துப் போனது. கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகப் பார்க்கும். மானைத் தெளிவாகப் பார், ஊசி கலங்கினால் கலங்கட்டும் என்பதுதான் வில்லாளிகளுக்குச் சொல்லித்தரும் பாடம். எனக்கு உடனே துரோணர் வைத்த பரீட்சை நினைவுக்கு வந்தது. மரமும் கிளையும் தெரியவில்லை, பறவையின் கண் மட்டும் தெரிகிறது என்ற அர்ஜுனனின் கதையை அவருக்குச் சொன்னேன். உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, "எத்தனை கெஜம்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்ட எந்தக் கதையிலும் அது வந்ததில்லை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்திய வல்வில் ஓரியைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அங்கேயும் தொலைவு இல்லை. நம் கதைகளில் வில்லாளி குறிதவறுவதே இல்லை. தவறியவர்களில் நினைவுக்கு வருபவர் தசரதன்தான். இருட்டில் நீர் மொள்ளும் சத்தத்தைக் கேட்டு, யானை என்று நினைத்து அம்பை விட்டான். குறி தவறவில்லை, சத்தம் வந்த இடத்தில்தான் பட்டது. என்ன நிற்கிறது என்று பார்க்காமல் விட்டதுதான் தவறு. அந்தக் கதையையும் சொன்னேன். பெரியவர் கடைக்காரரைப் பார்த்து, "இந்த ராஜாவுக்கும் வெளிச்சம் பத்தல" என்றார்.

கடைசியில் ஒற்றை ஊசி, .019, பச்சை நிறம். இருநூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவு. திரும்பி வரும்போது, "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்ற பழமொழியை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். சொன்ன பிறகுதான் அது அவரைக் குத்துவதுபோல் ஆகிவிட்டதே என்று தோன்றியது. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே, "சரிதான். சைட்டு மேல எனக்குக் கோவம் இல்ல. என்னை நம்பி அஞ்சு ஊசியைக் கொடுக்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

அடுத்த இரண்டு வாரம் தினமும் மாலையில் பின்கட்டில் பயிற்சி. நுரைப்பஞ்சில் செய்த ஒரு பொம்மை மான். கெஜம் என்ற சொல்லைப் பாட்டியோடு ஜவுளிக்கடைக்குப் போன காலத்துக்குப் பிறகு அங்கேதான் நாள்தோறும் கேட்டேன். நாணில் ஒரு சின்னத் துளை வளையம் பொருத்தியிருக்கும். அந்தத் துளை வழியாகப் பார்க்கும்போது சைட்டின் வட்டம் அதற்குள் சரியாகப் பொருந்த வேண்டும். வட்டத்தின் அடியில் ஒரு நீர்மட்டக் குமிழி. குமிழி நடுவில் இல்லையென்றால் வில் சாய்ந்திருக்கிறது, அம்பு சாய்ந்த பக்கம் போகும். மேடான நிலத்தில் நின்றால் நேராகப் பிடித்திருக்கிறோம் என்று உடம்பு பொய் சொல்லும். குமிழி சொல்லாது.

என்னையும் எய்யச் சொன்னார். என் அம்புகள் எல்லாம் இடது பக்கம் போயின. நான் ஊசியை வலது பக்கம் தள்ளப் போனேன். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "அம்பு எந்தப் பக்கம் தப்புதோ, அந்தப் பக்கமே ஊசியைத் தள்ளு." எனக்கு விளங்கவில்லை. ஊசியை இடது பக்கம் தள்ளினால், அதை இலக்கின்மேல் கொண்டுவர வில்லை வலது பக்கம் திருப்ப வேண்டியிருக்கும், அப்போது அம்பும் வலது பக்கம் வரும். காகிதத்தில் படம் போட்டுப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது. தவறின் எதிர்த்திசையில் ஓடுவதே என் பழக்கம் என்பதால் இருக்கலாம், இன்றுவரை எனக்கு அது முதலில் தப்பாகவே தோன்றும்.

ஊசியை அவர் 25 கெஜத்துக்கு வைத்தார். ஏன் இருபதும் இல்லை, முப்பதும் இல்லை என்று கேட்டேன். எய்து காட்டினார். 25க்கு வைத்த ஊசியோடு 20 கெஜத்தில் எய்தால் அம்பு இரண்டு அங்குலம் மேலே படுகிறது. 30இல் எய்தால் மூன்று அங்குலம் கீழே. இரண்டுமே அந்த எட்டு அங்குல வட்டத்துக்குள்தான். ஆக, முப்பதுவரை எதையும் திருக வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம். பொட்டை நடுவில் வைத்தால் போதும்.

சைட்டோடு ஒரு சின்ன நாடா வரும். தொலைவு எண்கள் அச்சிட்டது, திருகின் பக்கத்தில் ஒட்டிக்கொள்வதற்கு. அதில் எண்பது கெஜம்வரை கோடுகள் இருந்தன. என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தவர், முப்பது என்றதும் நிறுத்தி, மனைவியின் தையல் கத்தரிக்கோலை எடுத்து நாடாவை அங்கே வெட்டினார். மிச்சத்தைக் குப்பையில் போட்டார். எண்பதுவரை போகக்கூடிய ஒன்றுக்குக் காசு கொடுத்துவிட்டு முப்பதில் வெட்டுவது எனக்கு வீணாகப் பட்டது. "மான் பொம்மை இல்ல தம்பி" என்றார். நாண் விடும் சத்தம் அம்புக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். முப்பது கெஜத்தைக் கடக்க அவருடைய அம்புக்கு மூன்றில் ஒரு விநாடிக்கு மேல் ஆகும். சத்தத்துக்கு அதில் கால்பங்குகூட ஆகாது. மிரண்ட மான் பாய்வதற்காக முதலில் உடம்பைத் தாழ்த்தும். தொலைவு கூடக் கூட, நீ குறிபார்த்த இடத்தில் மான் இருக்காது.

அதே விஸ்கான்சினில் ஆல்டோ லியோபோல்ட் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1933இலிருந்து மேடிசன் பல்கலைக்கழகத்தில் வேட்டை விலங்கு மேலாண்மை கற்பித்தவர். தன் வில்லைத் தானே செதுக்கிக்கொண்ட வேட்டைக்காரர். அவர் இறந்த மறு ஆண்டு, 1949இல் வெளியான 'எ சாண்ட் கவுன்டி அல்மனாக்' இன்றும் சூழலியல் படிக்கிறவர்களுக்கு மூலநூல். வேட்டைக்காரர்கள் உடம்பெல்லாம் கருவிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதை அவர் அதில் கிண்டல் செய்கிறார். வேட்டைக்காரனைக் கைதட்டிப் பாராட்டவோ கண்டிக்கவோ காட்டில் ஆளில்லை, அவன் மனசாட்சிதான் அவனுக்கு நடுவர் என்பது அவர் கருத்து. பெரியவர் இந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. நான் சொன்னபோது, "அந்த ஆளு எந்த வில்லு வெச்சிருந்தாரு?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பர் முதல் வாரம் என்னையும் கூட்டிப்போனார். கடா மான்கள் பெட்டையைத் தேடி அலையும் காலம். ஒரே ஓக் மரத்தில் இரண்டு மேடை, இருவருக்கும் இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்பு வார். தரையில் எது எத்தனை கெஜம் என்பதை முன்பே அளந்து வைத்திருந்தார். வெட்டிய அடிமரம் இருபது. விழுந்து கிடக்கும் பிர்ச் முப்பது. குளிர் எலும்பில் இறங்கியது. இரண்டு மணி நேரம் அணில்களைத் தவிர எதுவும் அசையவில்லை.

பிறகு அது வந்தது. எட்டுக் கிளைக் கொம்பு. பிர்ச்சுக்கு அப்பால், பக்கவாட்டாக, நின்றது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது அதற்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தேன். பெரியவர் வில்லை இழுக்கவில்லை. கை திருகின் பக்கம்கூடப் போகவில்லை. நாற்பது கெஜம் இருக்கலாம். ஐந்து ஊசி இருந்திருந்தால் மூன்றாவது ஊசி. மான் மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது, கொல்லை ஓரமாக நடந்து போய்விட்டது. அவருடைய மூச்சுக்காற்று வெள்ளையாக வந்து கலைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வரும்போது, "வருத்தமா சார்?" என்றேன். "பின்னே இல்லாமலா?" என்றார்.

பத்து நாள் கழித்து, நான் வகுப்பில் இருந்த ஒரு மாலை, அவர் ஒரு பெட்டை மானை எய்தார். பதினெட்டு கெஜம். அறுபது கெஜம் ஓடி விழுந்ததாம். எனக்குப் பின்தொடைக் கறி கொடுத்தார், ஆனால் உடனே சமைக்கக் கூடாது என்றார். மான்களின் மூளையைத் தின்று கொல்லும் ஒரு நோய் 2002இல் அந்தப் பக்கத்தில், மவுண்ட் ஹோரெப் ஊருக்கு அருகேதான் விஸ்கான்சினில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கொதிக்க வைத்தாலும் அந்த நோய்க்காரணி அழியாது. மனிதர்களுக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை என்றாலும், நோய் கண்ட மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அறிவுரை. தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் அந்தக் கறி உறைபெட்டியில் கிடந்தது. முடிவு வந்தது, நோய் இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த மசாலாத்தூளில் பிரட்டல் செய்து, அவர்கள் இருவரையும் மாடிக்குச் சாப்பிட அழைத்தேன்.

சாப்பாட்டின் நடுவில், ஏன் சொன்னேன் என்று தெரியாது, ஒரு விஷயத்தைச் சொன்னேன். பத்து வயதில் தோட்டத்தில் இருந்தோம். லயத்துப் பையன்கள் எல்லாரிடமும் லாஸ்திக் இருக்கும். கொய்யாக் கவையில் ரப்பரைக் கட்டி, கோலிக்குண்டை வைத்து அடிப்போம். ஒருநாள் பால்மரக் காட்டில் ஒரு புள்ளிப்புறாவைக் குறிபார்த்தேன். மலாய்க்காரர்கள் தெக்குக்கூர் என்பார்கள். தூரம் அதிகம், படாது என்று நினைத்துத்தான் இழுத்தேன். பட்டது. அது விழவில்லை. ஒரு பக்கச் சிறகு தொங்க, தத்தித் தத்தி அடுத்த நிரைக்குள் தாழ்வாகப் பறந்து மறைந்தது. பையன்கள் கைதட்டினார்கள். அன்று முழுக்க நான்தான் வீரன்.

அந்த அம்மா, "பாவம்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். பெரியவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"தேடினியா?"

"இல்ல சார்."

அவர் தலையசைத்தார். கோபமில்லை, ஆறுதலும் இல்லை. காரத்தில் அவர் மூக்கு சிவந்திருந்தது. கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் பிரட்டலைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.